ராக் கிரீக் கல்லறைத் தோட்டம்: முக்காட்டுச் சிலையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

வாஷிங்டனுக்கு வருகிறவர்கள் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். வெள்ளை மாளிகை வேலிக்கு வெளியே நின்று ஒரு படம், லிங்கன் காலடியில் ஒரு படம், விண்வெளி அருங்காட்சியகத்தில் பேத்தியைத் தொலைத்துக் கண்டுபிடித்த பிறகு ஒரு படம். பத்து நாளில் இரண்டு காலும் வீங்கிவிட்டன. "உட்கார்ந்துகொண்டே பார்க்கிற மாதிரி ஏதாவது இடம் இருந்தால் சொல்லம்மா" என்று மகளிடம் கேட்டேன். அவள் சிறிது தயங்கினாள். "ஒரு கல்லறை இருக்கிறது அப்பா. எதிரே நல்ல பெஞ்சும் இருக்கிறது. பரவாயில்லையா?"

எழுபதை நெருங்குகிறவனிடம் கல்லறைக்குப் போகலாமா என்று கேட்க அவளுக்குக் கூச்சம். எனக்கு ஒன்றும் இல்லை. பெஞ்சு இருக்கிறது என்றாளே, அது போதும். போனேன். பிறகு இரண்டு வாரத்துக்குள் மேலும் இரண்டு தடவை போனேன். அதே சிலையின் இரண்டு நகல்கள் இந்த நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன என்று தெரிந்ததும் அவற்றையும் தேடிப் பார்த்தேன். மூன்றையும் பார்த்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

வேறு தகுதி என்று சொன்னால், முப்பத்தொரு வருடம் போட்டோ ஸ்டூடியோ இருட்டறையில் நின்றவன். சிற்பக்கலை எனக்குத் தெரியாது. எந்த நிழல் தானாக விழுந்தது, எந்த நிழல் வேண்டுமென்றே விழவைத்தது என்பது மட்டும் கொஞ்சம் தெரியும்.

முதலில் வழி. ராக் கிரீக் என்ற பெயரில் நகரத்துக்குள் ஒரு பெரிய காட்டுப் பூங்கா இருக்கிறது. கல்லறைத் தோட்டம் அதற்குள் இல்லை. மருமகன் தொலைபேசியில் பெயரைப் பாதி அடித்துவிட்டு வண்டியை எடுத்ததில், முதல் நாள் பூங்காவுக்குள் சுற்றிச் சுற்றி ஒரு மானைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். தோட்டம் இருப்பது அதற்குக் கிழக்கே, ராக் கிரீக் சர்ச் சாலையும் வெப்ஸ்டர் தெருவும் சேருகிற இடத்தில். மெட்ரோவில் வருகிறவர்கள் ஜார்ஜியா அவென்யூ பெட்வொர்த் நிலையத்தில் இறங்கிச் சுமார் ஒரு மைல் நடக்க வேண்டும். பக்கத்திலேயே ஒரே அளவு வெள்ளைக் கற்கள் வரிசை பிடித்து நிற்கும் ராணுவக் கல்லறை ஒன்று இருக்கிறது. அது வேறு. லிங்கன் கோடைக்காலங்களில் வந்து தங்கிய வீடும் அந்த வட்டாரத்தில்தான். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று மருமகன் திட்டம் போட்டிருந்தார். அவருடைய திட்டங்களைப் பற்றித் தனியாக எழுதலாம்.

இந்தத் தோட்டம் 1719-இல் தொடங்கிய ஒரு தேவாலயத்தின் நிலம். 86 ஏக்கர். செயின்ட் பால் தேவாலயம் இன்னும் உள்ளேயே இருக்கிறது. டிக்கெட் கிடையாது. மேடும் பள்ளமுமாக வளைந்து போகும் பாதைகள், பழைய மரங்கள், சாய்ந்த கற்கள். தெரு எண் பார்த்து வீடு தேடிப் பழகியவர்களுக்குக் கொஞ்சம் திண்டாட்டம். ஆடம்ஸ் நினைவுச்சின்னம், ஈ பிரிவு என்று கேளுங்கள். "துக்கம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டாலும் வழி காட்டுவார்கள் என்று மகள் சொன்னாள். சிலைக்கு ஊர் வைத்த பெயர் அது. அதைச் செய்யச் சொன்னவருக்கு அந்தப் பெயர் அறவே பிடிக்காது.

பாதையிலிருந்து பார்த்தால் சிலை தெரியாது. இலை உதிராத மரங்களும் புதர்களும் அடர்ந்து ஒரு பச்சைச் சுவர்தான் தெரியும். அதற்குள் நுழைந்தால் ஆறு பக்கமாக வகுத்த ஒரு சிறிய இடம், கதவில்லாத அறை மாதிரி. ஒரு பக்கம் மூன்றாக மடங்கிய நீண்ட கல் இருக்கை. எதிரே செம்மை படிந்த கிரானைட் பலகை. அதன்மேல் முதுகைச் சாய்த்து, ஒரு பாறையில் உட்கார்ந்திருக்கிறது உருவம்.

ஏறக்குறைய ஆறடி. தலையிலிருந்து கால்வரை ஒரே துணி. கனத்த கம்பளி மாதிரி மடிப்பு மடிப்பாக இறங்குகிறது. வெளியே தெரிவது இரண்டே இரண்டு: முகம், வலது கை. அந்தக் கை மேலே எழுந்து கன்னத்தருகே போகிறது. முகத்தைத் தாங்குகிறதா, முக்காட்டை விலக்கப் போகிறதா, விலக்கிவிட்டு இறங்குகிறதா என்று தீர்மானிக்க முடியவில்லை. கண்கள் முழுவதும் மூடவும் இல்லை. அழுகை இல்லை, சிரிப்பு இல்லை. பெண் என்று நினைத்தேன். பத்து நிமிடம் கழித்து இளைஞன் என்று தோன்றியது. இரண்டும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் செய்யச் சொன்னாராம்.

இங்கே என் தொழில் புத்தி வேலை செய்தது. வெண்கலம் பெரும்பகுதி செம்பு. வெளியில் மழையிலும் காற்றிலும் நின்று கறுத்துப் பச்சை பூத்துவிட்டது. கறுத்த உலோகத்துக்கு முக்காடு போட்டால் உள்ளே இருக்கும் முகம் என்ன ஆகும்? எக்ஸ்போஷர் குறைந்த படம்தான். மூக்கின் நுனி, கீழ் உதடு, கன்னத்தில் ஒரு கோடு. மற்றதெல்லாம் இருட்டு. மரக்கிளை அசைந்தால் அந்த இருட்டில் கொஞ்சம் வெளிச்சம் போய்விட்டுத் திரும்பும், உடனே பாவம் மாறிவிடும். நான் முதல் நாள் காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தேன். பத்து மணிக்கு அது கோபமாக இருந்தது. பத்தரைக்குத் தூக்கக் கலக்கத்தில் இருந்தது. பதினோரு மணிக்கு மருமகன் வந்து லிங்கன் வீட்டை நினைவுபடுத்தியபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் இருவரையும் அலட்சியமாகப் பார்த்தது. வெளிச்சம் இப்படி வந்துபோகும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த முக்காட்டின் ஆழத்தை ஒருவர் வைத்திருக்கிறார். அந்த ஆழம் இரண்டு அங்குலம் குறைந்திருந்தால் இது சாதாரணச் சிலை.

வைத்தவர் அகஸ்டஸ் செயின்ட் கோடன்ஸ். அமெரிக்காவின் பெரிய சிற்பி. இருபது டாலர் தங்க நாணயத்துக்கு 1907-இல் வந்த புகழ்பெற்ற வடிவமும் அவருடையதுதான். சிலைக்கான மேடை, இருக்கை எல்லாம் ஸ்டான்ஃபோர்டு வைட் என்ற கட்டடக்கலைஞர் வகுத்தவை. செய்யச் சொன்னவர் ஹென்றி ஆடம்ஸ், வரலாற்றாசிரியர். பாட்டனும் முப்பாட்டனும் அமெரிக்காவின் குடியரசுத் தலைவர்களாக இருந்த குடும்பம்.

யாருக்காக என்பது எனக்கு இரண்டாம் தடவை போகும்போதுதான் தெரியும். அவருடைய மனைவி மரியன். வீட்டில் குளோவர் என்று கூப்பிடுவார்கள். 1883-இல் புகைப்படக்கலை பழகத் தொடங்கினார். கண்ணாடித் தகடுகளில் படம் எடுத்து, தானே கழுவி, தானே பிரிண்ட் போட்டவர். மனிதர்கள், நாய்கள், கடற்கரை என்று அவர் எடுத்த படங்களை மகள் கணினியில் காட்டினாள். தொழில் தெரிந்த கை. குறிப்பாகச் சாயங்கால வெளிச்சத்தை விட்டுவைக்கத் தெரிந்த கை. 1885 ஏப்ரலில் தந்தை இறந்ததிலிருந்து மனம் மிகவும் சோர்ந்து போயிருந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 6-ஆம் தேதி, படம் கழுவ வைத்திருந்த ரசாயனத்தைக் குடித்து இறந்துபோனார். பொட்டாசியம் சயனைடு. வயது நாற்பத்திரண்டு.

இதைக் கேட்டதும் நான் சிறிது நேரம் பேசவில்லை. என் இருட்டறை அலமாரியிலும் அந்தப் பெயரை ஒத்த ஒரு புட்டி இருந்தது. பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, செங்கல் நிறப் படிகம். கறுத்துப்போன பிரிண்டில் பஞ்சால் தொட்டு இடம் பார்த்து வெளுக்கவைப்பதற்கு. இது வேறு பொருள், அந்த அளவு நஞ்சும் அல்ல. ஆனாலும் பெயரைப் பார்த்துவிட்டு என் மனைவி அதைப் பூட்டி வைக்கச் சொல்லிக்கொண்டே இருப்பாள். கடை மூடுகிற வரை பூட்டித்தான் வைத்திருந்தேன்.

அந்தப் புட்டியை நான் அதிகம் எடுத்தது எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன். இறந்தவர் படம். வீட்டில் சாவு விழுந்தால் மறுநாள் காலையில் ஸ்டூடியோ வாசலில் ஆள் நிற்கும். கையில் ஒரு கல்யாண குரூப் போட்டோ. மூன்றாவது வரிசையில் பாதி மறைந்து நிற்கிற முகத்தைத் தனியே எடுத்துப் பெரிதாக்கித் தர வேண்டும். கண் மூடியிருந்தால் பிரஷால் திறப்போம். சட்டை நன்றாக இல்லையென்றால் கோட்டு வரைவோம். கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தை அந்தப் படிகத்தைக் கரைத்துத் தொட்டுத் தொட்டு எடுத்துவிடுவோம். "முகம் பளிச்சென்று இருக்கட்டும்" என்பார்கள். எத்தனை நூறு முகங்களைப் பளிச்சென்று ஆக்கியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. என் மனைவியின் படத்தையும் நான்தான் போட்டேன். அவள் உயிரோடு இருந்தபோது ஒருநாளும் அவ்வளவு பளிச்சென்று இருந்ததில்லை.

அப்படிப்பட்டவன், முகமே தெரியாத நினைவுச்சின்னத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் இது குளோவரின் உருவமே இல்லை. அவரைப் போல ஒரு சாயல்கூட வைக்கவில்லை. பெயர் இல்லை, பிறந்த தேதி இல்லை, இறந்த தேதி இல்லை. ஒரு எழுத்து இல்லை. ஹென்றி ஆடம்ஸும் 1918-இல் இறந்து அங்கேயே அடக்கமானார், அவர் பெயரும் இல்லை. முதல் நாள் எனக்கு இது எரிச்சலாகத்தான் இருந்தது. காசு இருந்தும் ஒரு பெயர் வெட்ட மனமில்லையா என்று. அதற்கு மேலே ஒன்று: அவர் பிற்பாடு எழுதிய தன்வரலாற்றில் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. சேர்ந்து வாழ்ந்த வருடங்களை அப்படியே தாண்டிப் போய்விடுகிறார். பேசவே முடியாத ஒன்றைப் பற்றிப் பேசாமல் இருந்தாரா, ஊர் வாயை அடைப்பதற்காகப் பேசாமல் இருந்தாரா என்று மகளுக்கும் எனக்கும் வண்டியில் திரும்பும்போது பெரிய வாக்குவாதம். அவள் இரண்டாவது என்கிறாள். நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

ஆனால் சிலையை அவர் நாணயமாகச் செய்யவைத்திருக்கிறார். 1886-இல் ஓவியர் ஜான் லா ஃபார்ஜோடு ஜப்பான் போய் புத்தரையும், கருணையின் வடிவமாக அங்கே வணங்கும் கன்னோனையும் பார்த்துவிட்டு வந்தவர். அந்த அமைதி வேண்டும் என்று சிற்பியிடம் சொல்லிவிட்டு, லா ஃபார்ஜிடம் யோசனை கேட்டுக்கொள்ளுங்கள், முடியும்வரை நான் வந்து பார்க்கமாட்டேன் என்று ஒதுங்கிவிட்டார். 1891-இல் சிலை வைத்தபோது அவர் தென்கடல் தீவுகளில் இருந்தார். மறு ஆண்டு திரும்பி வந்துதான் பார்த்தார். அவர் அதற்குச் சொன்ன பெயர் "கடவுளின் அமைதி". பிறகு அடிக்கடி வந்து அந்தக் கல் இருக்கையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்டிருக்கிறார். எல்லோரும் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்களாம். பாதிரிமார்கள் இது நாத்திகம், அவநம்பிக்கை என்று கொதித்தார்களாம். ஓர் இந்துக் குழந்தைக்குத் தொட்டிலிலேயே புரிந்துவிடும் விஷயம் இவர்களுக்குப் புரியவில்லையே என்று அலுத்துக்கொண்டு எழுதிவைத்திருக்கிறார்.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று மூன்றாம் தடவை பேத்தியை அழைத்துப் போனேன். ஒன்பது வயது. எதிரே நிறுத்தி, "இதைப் பார்த்தால் உனக்கு என்னம்மா தோன்றுகிறது?" என்று கேட்டேன். நன்றாகப் பார்த்தாள். "குளிருகிறது போல, தாத்தா" என்றாள். பிறகு இருக்கையின் ஓரத்தில் ஏறி நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஆடம்ஸ் எங்கள் குழந்தைகளைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக நினைத்துவிட்டார்.

பிற்பாடு குடியரசுத் தலைவரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோரும் இந்த இருக்கையில் வந்து உட்கார்ந்தவர். 1918-இல் கணவருக்கு வேறொரு பெண்ணோடு உறவு இருப்பது தெரிந்த காலத்தில் தனியாக வந்து வந்து போனாராம். 1933-இல் கணவர் பதவி ஏற்கும் சமயத்திலும், நெருங்கிய தோழியான ஒரு செய்தியாளரை அழைத்து வந்து இதைக் காட்டியிருக்கிறார். அந்தக் கல் இருக்கை குளிர்ச்சியானது, சாய்ந்தால் முதுகு வலிக்கும், ஒரு துண்டு கொண்டுபோவது நல்லது. ஆனாலும் எழுந்து போக மனம் வராது. பார்க்கிறவர்களின் கண்மட்டத்துக்கும் சிலையின் முகத்துக்கும் இடையே அந்த இருக்கை வைத்திருக்கும் தூரம் அவ்வளவு சரியாக இருக்கிறது. நின்றுகொண்டு பார்ப்பவர்களுக்குப் பாதிதான் கிடைக்கும்.

படம் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைய தொலைபேசிகள் நிழலைக் கண்டால் சும்மா இருப்பதில்லை. தாமாகவே முக்காட்டுக்குள் வெளிச்சத்தைக் கொட்டி, முகத்தைப் பளிச்சென்று காட்டிவிடுகின்றன. மகளின் படத்தில் மூக்கு, கண் எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது. நான் முப்பத்தொரு வருடம் கைவலிக்கச் செய்ததை அது ஒரு நொடியில் செய்கிறது, அதே தப்போடு. திரையில் முகத்தின்மேல் விரலை வைத்து, வெளிச்சத்தைக் கீழே இழுத்துக்கொண்டே வாருங்கள். முகம் கிட்டத்தட்ட மறைகிற இடத்தில் நிறுத்தி எடுங்கள். நேரில் பார்த்தது அதுதான்.

இனி நகல்கள். முதலாவது, நகரத்தின் நடுவில் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1969-இல் வார்த்தது. அனுமதி இலவசம், கேலரி பிளேஸ் மெட்ரோ நிலையத்துக்கு எதிரிலேயே. மழை நாளில், நடக்க முடியாதவர்கள் பார்க்க ஏற்றது. அருகில் போய்த் துணி மடிப்பை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம், கைவிரல் எப்படி மடங்குகிறது என்று பார்க்கலாம். வேலைப்பாட்டைக் கற்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். ஆனால் உள்ளறை வெளிச்சம் அசையாது. நான் முக்கால் மணி நேரம் நின்றேன், முகம் ஒரே பாவத்தில் இருந்தது. நல்ல பாஸ்போர்ட் படம் மாதிரி.

இரண்டாவது கதை ருசியானது. சிற்பி உயிரோடு இருக்கும்போதே, எட்வர்டு பாஷ் என்பவர் செய்த திருட்டு நகல் ஒன்றை, பால்டிமோரில் பத்திரிகை நடத்திய ஃபீலிக்ஸ் ஆக்னஸ் தன் குடும்பக் கல்லறைக்கு வாங்கி வைத்துவிட்டார். சிற்பியின் மனைவி கண்டித்தார். ஆக்னஸோ, எனக்குத் தெரியாமல் ஏமாற்றிவிட்டார்கள் என்று விற்றவர்மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார். ஜெயித்தும் சிலையை எடுக்கவில்லை! பைக்ஸ்வில் என்ற ஊரில் அந்தச் சிலைக்கு "பிளாக் ஆகி", அதாவது "கறுப்பு ஆக்னஸ்" என்று பெயர் விழுந்தது. ராத்திரியில் கண் சிவக்கும், மடியில் உட்கார்ந்தவன் பிழைக்கமாட்டான் என்றெல்லாம் கதை கட்டி, இளவட்டங்கள் சுவர் ஏறிக் குதித்து அங்கே பண்ணாத அட்டகாசம் இல்லை. தாங்காமல் குடும்பத்தினர் 1967-இல் சிலையை ஸ்மித்சோனியனிடம் கொடுத்துவிட்டார்கள். இப்போது அது வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள லாஃபாயெட் சதுக்கத்தை ஒட்டிய நீதிமன்றக் கட்டடத்தின் முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பார்த்தேன். மூலத்தைப் பார்த்த கண்ணுக்கு அது தெருக்கூத்தில் ராஜா வேஷம் கட்டியவர் மாதிரிதான். துணி துணியாக விழவில்லை, முகத்தில் என்னமோ ஒன்று கெட்டியாகிவிட்டது. ஆனால் அங்கிருந்து சதுக்கத்தின் வடக்குப் பக்கம் சில நிமிடம் நடந்தால் எச் தெரு. ஆடம்ஸ் தம்பதி குடியிருந்த வாடகை வீடு அங்கேதான் இருந்தது. பக்கத்தில் புது வீடு கட்டி முடிகிற நேரத்தில்தான் குளோவர் இறந்தார். அவர் குடிபோகாத அந்தப் புது வீட்டை 1927-இல் இடித்துவிட்டு அங்கே ஹே ஆடம்ஸ் என்று ஹோட்டல் கட்டினார்கள். அசல் சிலை எங்கோ மைல் கணக்கில் தள்ளி இருக்க, ஊரெல்லாம் அலைந்த திருட்டு நகல் கடைசியில் அந்த வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. முற்றத்தில் அலுவலக ஊழியர் ஒருவர் அதன் பக்கத்தில் நின்று சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ராக் கிரீக்குப் போனால் வேறு வெண்கலங்களையும் விட்டுவிடாதீர்கள். கட்ஸன் போர்க்ளம் 1909-இல் செய்த "ரபூனி" ("போதகரே") என்ற சிலை, இயேசுவின் சீடரான மகதலேனா மரியாள். பின்னாளில் ரஷ்மோர் மலையில் குடியரசுத் தலைவர்களின் முகங்களைக் குடைந்தவர் இவ்வளவு மெல்லிய வேலையும் செய்வார் என்று நம்ப முடியவில்லை. காஃப்மன் குடும்பத்தின் 1897 நினைவுச்சின்னமும் இருக்கிறது. ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் மனித வாழ்க்கையின் ஏழு பருவங்களும் புடைப்பாக. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. நான் வேலை செய்த ஸ்டூடியோவில் அதை மாட்டியிருப்பார்கள்.

நேரம் இல்லாதவர்கள் நகல்களை விட்டுவிட்டு நேராகத் தோட்டத்துக்குப் போங்கள். வெயில் ஏறுவதற்குள், குறைந்தது ஒரு மணி நேரம். கூட வருகிறவருக்கு அடுத்து ஒரு இடம் பார்க்கும் அவசரம் இருந்தால் அவரை அங்கே அனுப்பிவிடுங்கள்.

முக்காட்டில் பனி விழுந்து, கீழே தரையிலிருந்து வெள்ளை வெளிச்சம் மேல்நோக்கி அடித்தால் அந்த முகம் எப்படி இருக்கும் என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். விசாவின்படி நவம்பரில் ஊர் திரும்ப வேண்டும். டிக்கெட்டை ஜனவரிக்குத் தள்ளிப்போட முடியுமா என்று மருமகனிடம் இன்னும் கேட்கவில்லை.